குற்ற எண் முதல் தீர்ப்பு நகல் வரை: தேவிபட்டினத்து வழக்கு ஆவணங்களைத் தேடும் வழி

தேவிபட்டினம் காவல் நிலையத்தில் பதிவாகும் ஒரு குற்ற வழக்கின் காகிதங்கள் ஒரே இடத்தில் தங்குவதில்லை. முதல் தகவல் அறிக்கை காவல் நிலையத்தில் எழுதப்படுகிறது. குற்றப்பத்திரிகை, சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே இராமநாதபுரத்தில் உள்ள குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகிறது. கொலை, கொலை முயற்சி போன்ற வழக்கு என்றால் அங்கிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு ஏறுகிறது. அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தால், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சேருகிறது. ஒவ்வொரு படியிலும் வழக்குக்குப் புது எண் விழுகிறது. நகல் கேட்டு அலைபவர்கள் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான்: கையில் இருப்பது ஓர் எண், நீதிமன்றப் பதிவேட்டில் இருப்பது வேறோர் எண்.

இந்தக் காகிதங்கள் தேவைப்படுவது வக்கீல்களுக்கு மட்டுமல்ல. நிலுவையில் வழக்கு உள்ளவர் கடவுச்சீட்டு பெற வேண்டுமானால், நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவைக் காட்ட வேண்டும். விபத்தில் வீட்டு ஆளை இழந்த குடும்பம் இழப்பீடு கேட்க, முதல் தகவல் அறிக்கையில் தொடங்கி ஒரு கட்டு ஆவணம் வேண்டும். பறிமுதலான படகையோ வண்டியையோ மீட்க, இடைக்கால உத்தரவின் நகல் வேண்டும். காவல்துறை வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்கோ தீர்ப்பின் ஒவ்வொரு வரியும் முக்கியம். தமிழ்நாட்டின் காவல் சார்நிலைப் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனாலோ சாட்சிகள் பிறழ்ந்ததாலோ கிடைத்த விடுதலை, குற்ற வழக்கில் தொடர்பு உள்ளதாகவே கொள்ளப்படுகிறது. ‘விடுதலை’ என்று வாயால் சொன்னால் போதாது. எந்தக் காரணத்தால் விடுதலை என்பதைக் காட்டும் முழுத் தீர்ப்பும் கையில் இருக்க வேண்டும்.

எண்களின் வரிசை

புகார் கொடுத்தவுடன் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது வழக்கு ஆகாது. புகார் பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகே ‘குற்ற எண்’ பிறக்கிறது. அந்த எண்ணும் ஆண்டும் காவல் நிலையத்தின் பெயரும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும். தேவிபட்டினத்தில் சட்டம் ஒழுங்குக் காவல் நிலையம் தவிர, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் இயங்கும் மரைன் காவல் நிலையமும் உண்டு. இரண்டின் குற்ற எண் வரிசைகளும் வேறு வேறு. கடலில் நடந்த சம்பவமாயின் எந்த நிலையம் வழக்குப் பதிந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நடுவர் நீதிமன்றம் குற்றப்பத்திரிகையைக் கோப்புக்கு எடுத்ததும் வழக்கு ‘சி.சி.’ எண் பெறுகிறது. சிறு குற்றங்களைச் சுருக்கமாக விசாரித்து முடிக்கும் வழக்குகளுக்கு ‘எஸ்.டி.சி.’ எண். அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடிய குற்றமானால், நடுவர் அதற்குப் ‘பி.ஆர்.சி.’ எண் இட்டு, ஆவணங்களை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கொடுத்த பின் மேலே அனுப்பி வைக்கிறார். அங்கே ‘எஸ்.சி.’ என்ற புது எண் வருகிறது. பி.ஆர்.சி. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பைத் தேடுபவருக்குத் தீர்ப்பு கிடைக்காது. அந்த எண்ணுக்கான கடைசிப் பதிவு, மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது என்பதோடு முடிந்திருக்கும். எதிரிகளில் ஒருவர் தலைமறைவானால் அவர் மீதான வழக்கைத் தனியே பிரித்து, அதற்கும் புது எண் இடுவார்கள். ஜாமீன் மனு, பொருளை மீட்கும் மனு போன்றவற்றுக்கு ‘சி.ஆர்.எல்.எம்.பி.’ எண். முதன்மை வழக்கின் எண்ணைச் சொல்லி ஜாமீன் உத்தரவின் நகல் கேட்டால் மனு திரும்பி வரலாம்.

வழக்கு நீதிமன்ற எண்ணே பெறாமல் முடிவதும் உண்டு. விசாரித்த காவல்துறை, நடவடிக்கைக்கு இடமில்லை என்று இறுதி அறிக்கை தந்தால், புகார்தாரருக்கு ‘ஆர்.சி.எஸ்.’ நோட்டீஸ் வரும். இதைக் கையெழுத்திட்டு வாங்கி மடித்து வைத்துவிடுவோர் நிறைய. ஆட்சேபம் இருந்தால் நடுவரிடம் மனுச் செய்ய உதவும் முக்கியக் காகிதம் அதுதான் என்பதால், அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு வகை வழக்கும் சாதாரணம். கடல் அட்டை 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்ததாகவோ கடத்தியதாகவோ வனத்துறை தொடரும் வழக்கு, வனச்சரகத்தின் குற்ற அறிக்கையில் தொடங்கி நேராக நடுவரிடம் புகாராகப் போகிறது. சுங்கத்துறை வழக்கும் அப்படியே. இவற்றுக்குக் காவல் நிலையக் குற்ற எண் கிடையாது. போலீஸ் தளத்தில் எவ்வளவு தேடினாலும் வராது. நீதிமன்றத்தில் கட்சிக்காரர் பெயரைக் கொண்டோ வழக்கு எண்ணைக் கொண்டோதான் தேட வேண்டும்.

இணையத்தில் தேடுவது

2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. தொடர்புக்கு எட்டாத பகுதிகளில் 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம், போக்சோ வழக்குகள் இதற்கு விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்து அறிக்கையைப் பார்க்கலாம். சி.எஸ்.ஆர். நிலவரமும் அங்கே தெரியும். சாலை விபத்து வழக்கின் ஆவணங்களைக் கட்டணம் செலுத்தித் தரவிறக்கும் வசதியும் அதே தளத்தில் உண்டு. இழப்பீட்டு வழக்குக்காகக் காவல் நிலையத்துக்கு நடையாய் நடப்பதை அது பெருமளவு குறைக்கும்.

நீதிமன்ற நிலவரத்துக்கு இ-கோர்ட்ஸ் சேவைத் தளமும் அதன் கைப்பேசிச் செயலியும் போதுமானவை, கட்டணம் இல்லை. மாநிலம், இராமநாதபுரம் மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்த பிறகு, வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர் என்று பல வழிகளில் தேடலாம். குற்ற வழக்குக்கு நம்பகமான வழி முதல் தகவல் அறிக்கை எண்தான். காவல் நிலையத்தைத் தேர்ந்து, எண்ணையும் ஆண்டையும் இட்டால், அதிலிருந்து பிறந்த நீதிமன்ற எண் வெளிப்படும். குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்படாத வழக்கில் சி.சி. எண் இருக்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தேடல் வெறுமையாக வந்தால் வழக்கே இல்லை என்று பொருளாகாது.

பெயரைக் கொண்டு தேடுவதில் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. முனியசாமி என்ற பெயரை நான்கைந்து விதமாக எழுதலாம். செய்யது, சேக் போன்ற பெயர்களுக்கு இன்னும் அதிகம். தந்தையின் முதலெழுத்து முன்னால் வந்திருக்கலாம், பின்னால் வந்திருக்கலாம், விடுபட்டும் இருக்கலாம். முழுப் பெயரைத் தட்டுவதைவிட, எழுத்துக்கூட்டில் மாறாத மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் இட்டு, ஆண்டை மாற்றி மாற்றித் தேடுவது பலன் தரும். நிலுவை வழக்கு, முடிந்த வழக்கு இரண்டிலும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இடர் பெரியது. ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பது இந்தக் கடற்கரையில் இயல்பு. பெயர் பொருந்துகிறது என்பதற்காக ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவது கொடுமை. தந்தை பெயர், வயது, முகவரி பொருந்துகின்றனவா என்று அசல் ஆவணத்தில் பார்க்காமல் திருமணப் பேச்சையோ வேலையையோ நிறுத்துவது நியாயமாகாது. ‘முடிந்தது’ என்ற குறிப்பும் தண்டனையைக் குறிக்காது. விடுதலை, சமரசம், மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது எல்லாமே அதில் அடங்கும்.

தேடிக் கண்ட வழக்குக்கு சி.என்.ஆர். எண் என்று 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஓர் அடையாளம் இருக்கும். தமிழ்நாட்டு வழக்குகளில் அது ‘டி.என்.’ என்று தொடங்கி, நான்கு இலக்க ஆண்டோடு முடியும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் மறுமுறை இந்தத் தேடல் எதுவும் தேவையில்லை. தளத்தில் தீர்ப்பின் கோப்பும் ஏற்றப்பட்டிருக்கலாம். படித்துப் பார்க்க அது போதும். அலுவலகத்தில் கொடுக்கவும் மேல்முறையீட்டுக்கும் சான்றிட்ட நகல்தான் செல்லும்.

யாருக்கு எந்த நகல்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டத்தின்படி தொடர்வதால், நீதிமன்றக் காகிதங்களில் இரு சட்டங்களின் பிரிவு எண்களையும் காணலாம். நகல் பெறும் உரிமைகளில் பெரிய மாற்றம் இல்லை.

புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவு. எதிரியாகச் சேர்க்கப்பட்டவர், அல்லது தன் பெயர் சேர்ந்திருக்கும் என்று அஞ்சுபவர், காவல்துறையிடம் மனுக் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள்ளும், நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள்ளும் அறிக்கையைப் பெறலாம் என்று 2016 தீர்ப்பு சொல்கிறது.

குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், அவற்றோடு இணைந்த ஆவணங்கள் ஆகியவற்றை எதிரி ஆஜரான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கட்டணமின்றி வழங்க வேண்டும். இது 230ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 207. பாதிக்கப்பட்டவருக்கும் இந்த நகல் உண்டு என்பது புதிய சட்டத்தின் நல்ல சேர்க்கை. ஆனால் அவர் வக்கீல் வைத்திருந்தால்தான் என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாத மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்குத்தான் அந்த நகல் அதிகம் தேவை. இந்த வரம்பு நீக்கப்பட வேண்டியது. நீக்கப்படும் வரை, இலவசச் சட்ட உதவி மூலம் வக்கீலைப் பெறுவதே அவருக்கு வழி.

தீர்ப்பு நகலைப் பற்றிப் பேசுவது 404ஆம் பிரிவு, பழையது 363. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு சொன்ன உடனேயே ஒரு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு செய்யத்தக்க எல்லா வழக்கிலும், கேட்கும் எதிரிக்குச் சான்றிட்ட நகலும் இலவசம்தான். தீர்ப்பால் பாதிக்கப்படும் வேறு எவரும், அதாவது புகார்தாரரும் பாதிக்கப்பட்டவரும் உட்பட, கட்டணம் செலுத்தித் தீர்ப்பு, சாட்சியம், பிற பகுதிகளின் நகலைப் பெறலாம். தகுந்த காரணம் இருந்தால் கட்டணமின்றித் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

வழக்கோடு தொடர்பே இல்லாதவர் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் உரிமையாக அல்ல. உயர் நீதிமன்றம் வகுத்த குற்றவியல் நடைமுறை விதிகளுக்கு உட்பட்டு, எதற்காக நகல் வேண்டும் என்று காரணம் சொல்லி மனுச் செய்து, நீதிபதியின் உத்தரவைப் பெற வேண்டும். பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் இந்த வழியில்தான் வருகிறார்கள். அக்கம்பக்கத்தாரின் ஆர்வம் காரணமாக ஏற்கப்படாது.

நகல் மனு

நகல் கேட்கும் இடம், தீர்ப்பளித்த நீதிமன்றத்தின் அலுவலகம். தேவிபட்டினத்து வழக்குகளுக்கு அது பெரும்பாலும் இராமநாதபுரம்தான். போதைப்பொருள் வழக்கானால் அதற்கென மதுரையில் உள்ள சிறப்பு நீதிமன்றத்திலும் தேட வேண்டியிருக்கும். எந்த நடுவர் நீதிமன்றம் என்ற ஐயம் இருந்தால் சம்மனையோ ஜாமீன் உத்தரவையோ பார்த்தால் தெரியும்.

மனுவில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, இரு தரப்பின் பெயர், காவல் நிலையமும் குற்ற எண்ணும், தீர்ப்பு அல்லது உத்தரவின் தேதி, கேட்கும் ஆவணம் எது, மனுதாரருக்கு வழக்கோடு என்ன தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். ‘வழக்கு ஆவணங்கள் அனைத்தும்’ என்று எழுதுவது வேலையைத் தாமதப்படுத்தும். ‘அரசுத் தரப்பு முதல் சாட்சியின் வாக்குமூலம்’, ‘பிரேதப் பரிசோதனைச் சான்று’ என்று குறிப்பாக எழுத வேண்டும். சாட்சிகளும் சான்றாவணங்களும் தீர்ப்பின் இறுதியில் பட்டியலாக இருக்கும். எனவே முதலில் தீர்ப்பின் நகலை வாங்கிவிட்டு, அதிலிருந்து மற்றவற்றைத் தேர்ந்து கேட்பது சிக்கனமான முறை.

கோர்ட் ஃபீ வில்லை ஒட்டிய மனுவுக்கு நகல் மனு எண் ஒன்று தரப்படும். பிறகு, எத்தனை தாள் முத்திரைத்தாள் வேண்டும் என்ற அறிவிப்பு அலுவலகப் பலகையில் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் மனு தள்ளுபடியாகும். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வக்கீல் குமாஸ்தா வழியே மனுச் செய்திருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். நேரில் செய்தவர் மறுபடி எப்போது வர வேண்டும் என்று தலைமை எழுத்தரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

நகலின் பின்பக்கத்தில் வரிசையாகத் தேதிகள் இருக்கும்: மனுச் செய்த நாள், தாள் கேட்ட நாள், தாள் கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். இவை அலங்காரத்துக்கு இட்டவை அல்ல. நடுவரின் தண்டனைத் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றம் போக 30 நாள், அமர்வு நீதிமன்றத்தின் தண்டனைத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள் என்பது காலவரைச் சட்டத்தின் கணக்கு. நகல் பெற நியாயமாகத் தேவைப்பட்ட காலம் இதிலிருந்து கழிக்கப்படும். ஆனால் மனுச் செய்யாமல் வீட்டில் இருந்த நாட்களும், தாள் கொடுக்காமல் தாமதித்த நாட்களும் கழியாது. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுவைப் போட்டுவிட வேண்டும்.

திறக்காத பகுதிகள்

குற்றப்பத்திரிகையை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கக் கோரிய மனுவை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல என்பது அதன் முடிவு. நீதிமன்றக் கோப்புகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு அதே நீதிமன்றத்தின் 2020 மார்ச் தீர்ப்பு பதில் சொன்னது: உயர் நீதிமன்ற விதிகளிலேயே நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியில்தான் கேட்க வேண்டும்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், பள்ளி, குடும்பம், முகவரி எதையும் வெளியிடக் கூடாது. சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களின் பதிவுகளும் மூடியவை. சட்டப்படி நகல் பெற்றவரும் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் குற்றவாளியாவார்.

விடுதலையானவரின் பெயர் இணையத்தில் நிலைத்திருப்பது தனித்த வேதனை. தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்கக் கோரிய ஒருவரின் மனுவை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அந்த உத்தரவை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

பழைய வழக்குகள், கடலுக்கு அப்பால் உள்ளவை

முடிந்த வழக்கின் கோப்பு சில காலத்துக்குப் பின் பதிவறைக்குப் போகிறது. அங்கும் நிரந்தரமில்லை. விதிகள் குறித்த காலம் கடந்ததும் சிறு வழக்குகளின் கோப்புகள் அழிக்கப்படுகின்றன. தீர்ப்புகள் மற்றப் பகுதிகளைவிட நீண்ட நாள் வைக்கப்படுகின்றன. வழக்கு முடிந்து ஆண்டுக்கணக்கில் ஆனபிறகு தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கோப்பு இருக்கிறதா என்பதே.

இராமநாதபுரத்துக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1910இல் உருவான பழைய மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கையும் விருதுநகரும் தனியாயின. பழைய மாவட்டத்தின் நீதிமன்றம் நீண்ட காலம் மதுரையில் அமர்ந்தே இயங்கியது. ஆகவே பிரிவினைக்கு முந்திய அமர்வு வழக்கு ஒன்றைத் தேடுபவர் இராமநாதபுரத்தில் இல்லை என்றதும் கைவிடாமல், மதுரையிலும் விசாரிக்க வேண்டும்.

பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் மீனவர்களின் வழக்குகள் ஊர்காவற்றுறை, மன்னார், பருத்தித்துறை போன்ற இடங்களின் நீதவான் நீதிமன்றங்களில் நடக்கின்றன. அவற்றின் ஆவணங்கள் இந்தியத் தளங்கள் எதிலும் கிடைக்கா. வட மாகாண நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்பதால் வாசிப்பதில் தடையில்லை. அங்குள்ள சட்டத்தரணி வழியாகவே நகல் பெற வேண்டும். படகின் உரிமையாளர் நேரில் ஆஜராக வேண்டியிருப்பதால், படகுப் பதிவுச் சான்றோடு வழக்கு எண்ணும் உத்தரவின் நகலும் அவர் கையில் இருப்பது அவசியம். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இயங்குகிறது. குடும்பங்கள் அதன் உதவியைக் கேட்கலாம்.

உள்ளூர் வழக்கில் நகல் மனு எழுதத் தெரியாதவர்களும் வக்கீல் வைக்க முடியாதவர்களும் இராமநாதபுரத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. தேசியச் சட்ட உதவி எண் 15100.